இருபத்து மூன்றாம் நிமிடம்

மருந்துப் புரதத்தின் மேல் செல்கள் கோக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை அளப்பதுதான் தங்கையின் வேலை. அதே ஆலையில் செல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா இறந்து மூன்று மாதமாகிறது. அங்கே வேலையில் சேருபவர்கள் முதலில் தங்கள் ரத்தத்தையே அளந்து பழக வேண்டும். ஒவ்வொரு வகைச் சர்க்கரைக்கும் அதற்குரிய நிமிடத்தில் ஒரு மேடு காட்டிக் கருவி வரைந்த அந்தக் கோடுகள் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அக்காவின் கோட்டில் மட்டும் இருபத்து மூன்றாம் நிமிடத்தில் ஒரு சின்ன மேடு. “எனக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கு பாருடி” என்று சிரிப்பாள்.

இன்று அக்காவின் தொட்டியில் எடுத்த மருந்தில் அந்த மேடு வந்தது. உள்ளே இருப்பவை வெள்ளெலியின் செல்கள். அப்படியொரு சர்க்கரையைச் செய்யவே தெரியாதவை. மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் இம்மி பிசகாமல் அதே இடம்.

“இதை நோயாளிக்குக் குடுக்க முடியாதும்மா. தொட்டியக் காலி பண்ணிடுங்க” என்றார் மேலாளர்.

செல்களைக் கொல்லும் திரவத்தை அவளே தொட்டியில் ஊற்றினாள். “மன்னிச்சுக்கோக்கா” என்று வாய் தானாகச் சொன்னது.

பிறகு கருவியைக் கழுவி, புதுக் குழாய் மாட்டி, வழக்கம்போல் வெறும் தண்ணீரை ஓடவிட்டாள். இருபத்திரண்டு நிமிடம் கோடு ஆடாமல் அசையாமல் போனது. அப்புறம் மெல்லத் தலைதூக்கியது.