விளக்கு எரிந்த பக்கம்

பழைய நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக ஜெபராணி ஓர் இணையதளம் செய்துகொடுத்தாள். ஆளுக்கு ஒரு மார்க்டவுன் கோப்பு, அதில் படமும் சிறுகுறிப்பும். இருப்பவர்கள் ஒரு ஃபோல்டரில், இறந்தவர்கள் இன்னொன்றில். கட்டளை கொடுத்தால் கோப்புகளெல்லாம் பக்கங்களாகிவிடும். இறந்தவர்களின் படத்துக்குக் கீழே மட்டும் ஒரு விளக்கு தானாக வந்து உட்காரும்.

தளம் வெளியான மறுநாள் தொழிலாளர்களில் ஒருவரான குருவையா அழைத்தார். “என் போட்டோவுக்குக் கீழ விளக்கு எரியுதும்மா,” என்றார். குரலில் கோபம் இல்லை.

ஜெபராணி கூசிப்போனாள். அவர் கோப்பை இறந்தவர்களோடு போட்டது அவள் கைதான். “மன்னிச்சிருங்கய்யா, இப்பவே மாத்திடுறேன்,” என்று கோப்பை இடம் மாற்றி, கட்டளையையும் அடித்துவிட்டாள். என்டரைத் தட்டுவதுதான் பாக்கி.

“இன்னைக்கு மாத்தாதம்மா. என் தம்பி என்கூடப் பேசி ரொம்ப வருஷமாச்சு. அதைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டானாம். அவன் வந்து சேர்ற வரைக்கும் நான் செத்தவனாவே இருந்துக்கிறேன்.”

அவள் என்டரைத் தட்டவில்லை.

சாயங்காலம், தளத்தில் தொடர்புக்கென்று போட்டிருந்த அவள் எண்ணுக்கே தம்பி அழைத்தார். பஸ் இரைச்சலுக்கு நடுவே தான் யாரென்று சொன்னவர், மேற்கொண்டு பேச முடியாமல் அழுதார். எங்கோ கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவினார். தம்பி அழுது முடிக்கும்வரை ஜெபராணி காதுமடல் சுட, தலையைக் குனிந்தபடி போனைப் பிடித்திருந்தாள். அண்ணன் உயிரோடிருப்பதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

“நான் வர்றதுக்குள்ள அண்ணனை எடுத்துருவாங்களாம்மா?”

“இல்லைங்கய்யா,” என்றாள். “உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க.”