பவுனம்மாளின் கலப்படம்

“என்னை ஏமாத்திட்டீங்களே அக்கா!”

சூசன் போட்ட சத்தத்தில் கிள்ளான் மீன் பாசாரில் பக்கத்துக் கடைக்காரர்கூட மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

பவுனம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். “என்னம்மா, மீனு நாறிப்போச்சா?”

“காப்பார் படகுல வர்ற கெம்போங் மீனு மட்டும்தான் வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? வேற மீனைக் கலந்திருக்கீங்க!”

“யாரு சொன்னா?”

“மெஷினே சொல்லுது!”

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சூசனுக்கு வேலை. கெம்போங் என்னும் கானாங்கெளுத்தி மீனுக்குத் தாய்வழியாக மட்டும் வரும் டி.என்.ஏ. மரபுச் சங்கிலியை, முதலிலிருந்து கடைசிவரை எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும். ஒன்றரை மாதமாகப் படித்த துண்டுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. மீன் இரண்டு வகை என்று நேற்றுத்தான் தெரிந்தது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார் தலைவர்.

இதையெல்லாம் அவள் பவுனம்மாளிடம் சொன்னதே இல்லை. மீன்காரம்மாவுக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

“கலந்தது நான்தான்,” என்றாள் பவுனம்மாள்.

“மட்ட மீனைத் தள்ளிவிட நான்தான் கிடைச்சேனா?”

“மட்டமா? குவாந்தான்லேருந்து லோரில வந்த கொழுத்த மீனு லா அது! கழுத்துல சிலுவை போட்டிருக்க. உங்க நோன்புல நாப்பது நாளும் கறி தொடமாட்டோம்னு பக்கத்து வீட்டு சாந்தமேரி சொல்லுவா. நீயும் நோன்புபோல, வாரம் மூணு தடவை வந்து இந்தப் பொடி மீனையே கேக்குற. ஆளு வேற குச்சி மாதிரி இருக்க. தலைய வெட்டிச் சுத்தம் பண்றப்ப, பாவம் நல்லா சாப்பிடட்டுமேன்னு ரெண்டு கொழுத்தத அடியில வச்சேன்.”

சூசன் முதல் தடவையாக, அந்த மீன்கள் எங்கே போயின என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பவுனம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். “மிச்சம் மீனு ஐஸ்ல கெடக்கா? நாளைக்கே கொண்டா. தலை இல்லாட்டியும் தொட்டாலே சொல்லிடுவேன், எது காப்பாரு, எது குவாந்தான்னு. பிரிச்சுத் தரேன், படி.”

சூசனுக்குக் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சுக்குங்க அக்கா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

“அது கெடக்கட்டும். வாங்குன மீனையெல்லாம் மெஷின்ல போட்டுட்டு, இத்தன நாளா நீ என்னத்தடி சாப்பிட்ட?”