நனைத்தால் தெரியும்

சாம்பலில் பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது, யார் தடுத்தும் கேளாமல் சுடுகாட்டுக்கு வந்திருந்த செண்பகத்தின் கையில் அந்த இளஞ்சிவப்புக் கல் அகப்பட்டது. பாறைகளை ஆராய்ந்தே வாழ்ந்த அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் கிடந்த கல். எடுக்க மறந்து எரித்துவிட்டார்கள்.

"இது உருகலையாக்கா?" என்றான் தம்பி.

"பூமிக்கடியில பழைய பாறை உருகி, எரிமலையா வெளிய வந்து இறுகுன கல்லுடா. இந்தச் சூடு இதுக்கு ஒண்ணுமில்ல. அப்பவும் உருகாத பளிங்கு மணி ஒண்ணு உள்ள இருக்குன்னு அப்பா சொல்வார்."

"எங்க? தெரியலையே."

காய்ந்த கல்லில் தெரியாது. அப்பா எந்தக் கல்லையும் நாக்கால் நனைத்துத்தான் பார்ப்பார், அம்மா திட்டுவாள்.

தம்பி தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனான். அவன் திரும்புவதற்குள் செண்பகம், சாம்பலைத் துடைக்காமல், கல்லை நாக்கில் வைத்தாள்.