உள்ளங்கைச் சீனி

கொள்ளைக்காரர்கள் கடத்திய கப்பலை நேவி மீட்டுவிட்டதாக டிவியில் சொன்ன மறுநாள் காலை, அந்தக் கப்பலில் சமையல் வேலை பார்த்த அண்ணன் மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தான்.

அம்மா அவனுக்குப் பாலில்லாத சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நக்கிக்கொண்டே குடிக்க அவன் உள்ளங்கையில் சீனி வைத்தாள். சீனி உடனே கரைந்து விரல்வழியே ஒழுகியது. மறுபடி வைத்தாள். அதுவும் கரைந்தது. ஒழுகியதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவள், “உப்புக் கரிக்குது” என்று முணுமுணுத்தாள்.

போன் அடித்தது. நான் எடுத்தேன். நேவிக்காரர் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். மற்ற எல்லோரையும் காப்பாற்றிவிட்டார்களாம். அண்ணன் மட்டும் அதற்கு முன்பே கடலில் குதித்துவிட்டானாம். உடல் கிடைத்துவிட்டதாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்தாள்.

“அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிறாதடி. வீட்டுக்கு வந்துட்டோம்னு நெனச்சிக்கிட்டு இருக்கான்.”