ஆட்டம்

கூடத்தில் தலைகீழாக நிற்கிறது அவளுடைய சைக்கிள். நாளைக்குப் புது வேலைக்கு அதில்தான் போகவேண்டும். கழுவிய பேரிங் குண்டுகளைப் புது கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதிக்கிறாள். சாத்திய ஜன்னலின் இடுக்கில் வரும் வெயில் அந்தக் குண்டுகளில் மட்டும் மினுங்குகிறது. குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோன் மரையை அச்சில் திருகி, சக்கரத்தை மாட்டிச் சுண்டிவிடுகிறாள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. நாற்காலியிலிருந்து எழுந்து வந்த கணவன் டயரைப் பிடித்து அசைக்கிறான். "ஆடுது பாரு. இறுக்கு." "துளி ஆட்டம் இருந்தாதாங்க நல்லா சுத்தும்." "இந்த வீட்ல ஆட்டமே கூடாது. இறுக்குன்னா இறுக்கு." ஸ்பேனரை எடுத்துக் கோனை இறுக்குகிறாள். மறுபடி அசைத்துப் பார்க்கிறான்; அசையவில்லை. "இப்பதான் அடக்கமா இருக்கு," என்று போய் உட்காருகிறான். அவள் சுண்டிவிடுகிறாள். உள்ளே குண்டுகள் நறநறவென்று பல்லைக் கடிக்கின்றன. அரைச் சுற்றில் சக்கரம் நின்றுவிடுகிறது.