கீச்சிடாத பிரேக் பேட்

மேட்டுப்பாளையம் மெக்கானிக் செபஸ்தியான் 1998 ஆவணியில் சொல்லக் கேட்ட வடிவம் இது.

மலைச்சாலையில் விரைந்து ஓட்டும் ஆசை கொண்ட ஒருவன், தன் காருக்கு உயர்ந்த ரகப் பிரேக் பேட் வாங்கிப் பூட்டினான். பழைய பிரேக் ஆயிலை மாற்றவில்லை.

"என்ன பெரியவரே, காப்பி நிறத்துக்கு வந்துட்டீங்க?" என்றது பேட், ஆயிலைப் பார்த்து.

"மூணு மழைக்காலத்து ஈரம் சேர்ந்திருக்கு தம்பி. சூடேறினா கொதிச்சிடுவேன். நீ கொஞ்சம் கீச்சிட்டா அவன் வண்டியை நிறுத்திப் பார்ப்பான்."

"கீச்சிட்டா மட்டமான சரக்குன்னு என்னைக் கழட்டிடுவான். சூட்டை நான் தாங்கிக்கறேன்."

இறக்கத்தில் பேட் வாய்திறக்கவில்லை. ஏழாம் வளைவில் ஆயில் கொதித்துக் குமிழியாகி அழுத்தம் இழந்தது. பெடல் தரைவரை இறங்கியும் பேட் சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கவில்லை. கார் பாறையில் மோதியது, அவன் பிழைக்கவில்லை.

"தாங்கறதா நினைச்சேன்," என்றது பேட். "சூடு எல்லாத்தையும் உங்க மேலதான் தள்ளியிருக்கேன்."

ஆயில் உடைந்த குழாய் வழியே வடிந்து முடிந்திருந்தது.

குன்னூர்ப் பக்கம் சொல்பவர்களிடம் பேட் இரண்டாம் வளைவிலேயே கீச்சிடுகிறது. அவன் எரிச்சலோடு வண்டியை நிறுத்த, ஆயில் ஆறிவிடுகிறது; மறுநாள் பேட்டைக் கழற்றி எறிகிறான். அங்கே கதை அவன் பேத்தியின் கல்யாணம் வரை நீள்கிறது.