அவர் சொல்லாத வார்த்தை

பக்கவாதத்தில் பேச்சை இழந்த கணவர் தங்கமுத்துவுக்காகப் பரிமளம் ஒரு செயலி எழுதியிருந்தாள். திரையில் அவர் பார்க்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, கணினி உரக்கச் சொல்லும். 'காப்பி கசக்குது' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகும்.

கணினியைத் தயாரித்த நிறுவனம் அதன் மூளையான சில்லை, அதாவது 'சிப்'பை, அடியோடு மாற்றியது. பழையவற்றுக்கான சேவையையும் நிறுத்திவிட்டதால் அந்த இயந்திரங்கள் எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்துபோயின. பரிமளம் புதியதை வாங்கி, செயலியை அதற்கேற்பத் திருத்தினாள். அதன் வேகத்தில் அசந்துதான் போனாள். அவர் முதல் எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் முழு வாக்கியமும் வந்து விழுந்தது.

"காப்பி பிரமாதம், பரிமளம்!"

பூரிப்போடு திரும்பினாள். அவர் துப்பிய காப்பி மோவாயில் வழிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இது நீங்க சொன்னதுங்களா?"

"நானேதான்" என்றது கணினி. அவர் கண்களோ இடமும் வலமுமாகப் பதறி ஆடின. 'இல்லை' என்பதற்கு அவர் அப்படித்தான் ஆட்டுவார்.

நிறுவனத்துக்குப் போன் போட்டாள். "அதுவா யூகிக்கறதை மட்டும் நிறுத்திக் குடுங்க தம்பி."

"முடியாதுங்க மேடம். அது சில்லுலயே இருக்கு. எல்லாரும் வேகம்தானே கேட்டாங்க?"

போனை வைத்துவிட்டு, கணினியை அணைக்கச் சுவிட்சில் விரல் வைத்தாள்.

"அணைக்காதே பரிமளம். எனக்குன்னு இருக்கிற ஒரே குரல் இதுதான்."

சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் ஆடவில்லை, நீர் நிறைந்து நின்றன. சொன்னது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. விரலை அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.